நாலு மில்லி மடிப்பு

என் மனைவி ஏறிப்போன விமானம் அரபிக்கடலின் மேல் காணாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற ஆப். மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு விமானப் படம் சென்னையில் கிளம்பி, வேலூருக்கு மேலே வந்து, எங்கள் ஆம்பூரைத் தாண்டி, பெங்களூர், மங்களூர் எல்லாம் தாண்டி நீலத்துக்குள் நுழைந்தது. கொஞ்ச தூரம் போனது. நின்றது. பிறகு படமே இல்லை.

போனை அணைத்து மறுபடியும் போட்டேன். வரவில்லை. சிக்னல் கம்மியோ என்று ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மற்ற விமானங்கள் எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. என் மேசையில் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனைக் கேட்டிருந்தால், கடல் மேலே போனால் அப்படித்தான், அங்கே சிக்னல் பிடிக்க ஆளில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்டால், "இன்னா மாஸ்டர், வீட்டம்மா போய் மூணு மணி நேரம் ஆவல, அதுக்குள்ளயா?" என்று சிரிப்பார்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை பஸ் தாண்டிவிட்டால்கூட கண்டக்டரைக் கூப்பிடாமல், அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

அன்று பிற்பகல் ஒரே அட்டையை மூன்று முறை வெட்டினேன், மூன்றும் கோணல். குழாயடிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். மூன்று மணிக்கு மெசேஜ் வந்தது. "துபாய் வந்துட்டேன். ஏசி ஜாஸ்தி. அடுத்த பிளைட்டு சாயங்காலம். சாப்டீங்களா?"

"சாப்டேன்" என்று அனுப்பினேன். டிபன் பாக்ஸ் திறந்தபடியே கேன்டீனில் கிடந்தது.

எங்கள் ஷூ கம்பெனிக்கு எத்தியோப்பியாவில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு ஷூவின் மேல்தோல் தைக்கக் கற்றுக்கொடுக்க, இங்கே லைன் சூப்பர்வைசராக இருந்த என் மனைவியை ஆறு மாதத்துக்கு அனுப்பினார்கள். நான் அதே கம்பெனியில் பேட்டர்ன் ரூமில் இருக்கிறேன். ஷூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டையில் அளவு போட்டு வெட்டித் தருவது என் வேலை. பத்தாவது படித்துவிட்டு உள்ளே நுழைந்தவன், இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்கேல், அதே கத்தி. நான் வெட்டின அட்டைப்படி வெட்டிய தோலைத்தான் அவள் தைப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மொட்டை மாடியை ஒட்டின இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறோம்.

போகட்டுமா என்று அவள் கேட்டபோது, "உன் இஷ்டம்" என்றேன். அப்படிச் சொல்வது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அவள் போன பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். டிவி போட்டால் அணைக்கத் தோன்றும். மாடிக்குப் போய், போகிற விமானத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பதால் எங்கள் தலைக்கு மேலே போக்குவரத்துக்குக் குறைவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு வீடியோவில் அந்த விஷயத்தைக் கண்டேன். ஒவ்வொரு விமானமும் நொடிக்கு இரண்டு முறை தன் அடையாளத்தையும் உயரத்தையும் இருக்கிற இடத்தையும் தானே சொல்லிக்கொண்டு போகிறதாம். யாரும் கேட்க வேண்டியதில்லை. என்னைப்போல யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்துப் பிடித்து அனுப்புவதைத்தான் அந்த ஆப் காட்டுகிறது. கடலில் வீடு இல்லை, அதனால் படம் இல்லை.

ஆம்பூரில் கம்பி நட்டால் அரபிக்கடலில் போகிற விமானம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் திரும்பி வரும் நாளில், மேற்கே மலைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த விமானம் வருவதை என் சொந்தக் கம்பியில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சும்மா பொழுதுபோக்கு என்றேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர் வரவழைத்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. ஆன்டெனாதான் நாமே செய்ய வேண்டியது. சாதாரண கேபிள் டிவி வயரை எட்டுத் துண்டாக வெட்டி, ஒன்றின் நடுக் கம்பியை அடுத்ததன் வெளி வலையோடு சேர்த்து, இப்படி மாற்றி மாற்றி எட்டையும் கோக்க வேண்டும். கோத்ததை பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு நிறுத்தினால் முடிந்தது. ஒவ்வொரு துண்டும் நூற்றுப் பதினாறு மில்லிமீட்டர். அளவு தப்பக் கூடாது என்று வீடியோவில் அந்த ஆள் நாலு முறை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அளவைப் பற்றி எனக்கா?

முதலில் ஓர் அட்டை வெட்டினேன். எங்கள் வேலையில் எதையும் ஸ்கேல் வைத்து எட்டு முறை அளக்க மாட்டோம். ஒரு முறை அளந்து அட்டை வெட்டிக்கொள்வோம், அப்புறம் அட்டைதான் சட்டம். அந்த அட்டையை வைத்து எட்டுத் துண்டையும் வெட்டினேன். என் பேட்டர்ன் கத்தியால் வயரின் தோலை உரித்தபோது உள்ளே வலையில் ஒரு இழைகூட அறுபடவில்லை. எட்டையும் வரிசையாக நிறுத்தினால் தலைகள் ஒரே கோட்டில் நின்றன. பைப்பின் வாயை ஒரு தோல் வட்டத்தால் மூடி, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். மழை உள்ளே போகாது.

கீழ்வீட்டு பாய்தான் எங்கள் வீட்டுக்காரர். பச்சைத்தோல் வாங்கி டேனரிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறார். நான் பைப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"இன்னா மாஸ்டர் இது? டவர் வைக்கிறீங்களா? எதிர்வூட்டம்மா என்னாண்ட வந்து கேக்குது, கதிர்வீச்சு வருமாமே."

"இது ஒண்ணும் அனுப்பாது பாய். வர்றத வாங்கிக்கும், அவ்ளோதான்."

"எத வாங்கும்?"

"பிளேன் சிக்னல்."

பாய் வானத்தைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். "பிளேன புடிச்சு எங்க கட்டி வைப்பீங்க? கீழ என் ஸ்கூட்டருக்கே எடமில்ல."

பிடிக்கவும் இல்லை. லேப்டாப்பில் வரைபடம் விரிந்தது, ஊர்ப்பெயர்கள் வந்தன, விமானம் மட்டும் அபூர்வமாகத்தான் வந்தது. சரியாகத் தலைக்கு மேலே போவது ஒன்றிரண்டு வரும், குடியாத்தம் தாண்டுவதற்குள் மறைந்துவிடும். மேற்கே ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற விமானம்கூட படத்தில் தெரியவில்லை.

ஈயம் வைத்துப் பற்றவைத்ததில் கோளாறு என்று எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தேன். தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது என்று தொட்டியின் மேலேயே ஏற்றினேன். மலை மறைக்கிறது என்று இன்னொரு பைப்பைச் சேர்த்து உயர்த்தினேன். வேலை விட்டு வந்ததும் முகம்கூட கழுவாமல் மாடிக்கு ஓடினேன். ஏறுவதும் இறங்குவதும் பார்த்து பாய், "மாஸ்டர், படி தேயுது" என்றார். துண்டுகளின் அளவை எத்தனையோ முறை சரிபார்த்தேன். அட்டையோடு கச்சிதமாகப் பொருந்தின. அதில் தப்பே இருக்க முடியாது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை அவள் போன் செய்தாள். போய் ஐந்தாவது மாதம்.

"ஏங்க, இங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. சனிக்கிழம பதில் சொல்லணும். இன்னா சொல்லட்டும்?"

ஒரு வருஷம். மாடியில் நின்றிருந்தேன், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் இஷ்டம்" என்றேன்.

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுது கேட்டேன்."

"நான் இன்னா சொல்றது. உனக்கு அங்க நல்லா இருக்குதுன்னா..."

"சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் மனுஷனாக இல்லை. மனதுக்குள் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். கம்பெனி வேனில் போகும்போது நன்றாகப் பேசினேன். 'வந்துடு, என்னால முடியல' என்று தெளிவாகச் சொன்னேன். போனை எடுத்தால் ஒன்றும் இல்லை. அங்கே அவள் கையில் அறுபது பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மேடம் என்று கூப்பிடுகிறார்கள். இங்கே லைனில் ஒரு ஜோடி தவறினால் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்குகிறவள். வா என்று சொல்ல நான் யார் என்றும் தோன்றியது. சொல்லாவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் ஆன்டெனாவை மறுபடியும் பிரித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளே வீடியோ காலில் வந்தாள். எட்டுத் துண்டும் கட்டிங் பலகை மேலே கிடந்தன.

"இதானா உங்க பிளேன் புடிக்கிற மிஷினு?"

"வேல செய்யல."

"காட்டுங்க."

போனைத் திருப்பிக் காட்டினேன். துண்டு துண்டாகக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தையல் லைனில் ஒரு பாகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அந்த அட்டைய கிட்ட காட்டுங்க. ஓரத்துல அது இன்னா, நாச்சா?"

நாச் என்பது எங்கள் வேலையில் ஓரத்தில் போடுகிற சின்ன வெட்டு. இந்த இடத்தில் மடித்து ஒட்ட வேண்டும் என்று தையல்காரிக்கு அடையாளம். நான் குனிந்து பார்த்தேன். அட்டையின் ஓரத்தில் நாச் இருந்தது. என் கைதான் போட்டிருந்தது. எப்போது போட்டது என்று எனக்கே தெரியவில்லை.

"ஸ்கேல் வச்சுப் பாருங்க" என்றாள்.

வைத்தேன். நூற்றிருபது. நாச் வரைக்கும் நூற்றுப் பதினாறு.

"மடிப்பு விட்டிருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், பக்கத்தில் இருந்த யாரோ வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "வயர மடிச்சு யாருங்க தைக்கப்போறாங்க? இருபது வருஷமா உங்க அட்டையில தைக்கிறேன், நாலு மில்லி மடிப்பு இல்லாத ஒண்ண பார்த்ததில்ல. கம்பிக்குமா விடுவீங்க?"

தோலில் எந்த ஓரத்தை வெட்டினாலும் மடிப்புக்கு நாலு மில்லி கூடுதலாக விடுவோம். மடித்து ஒட்டினால்தான் வெட்டு வெளியே தெரியாது. அது யோசித்துச் செய்வது இல்லை, கை தானாகச் செய்யும். ஒரு துண்டில் நாலு மில்லி என்றால் எட்டில் முப்பத்திரண்டு. எட்டும் ஒன்றுபோலத் தப்பாக இருந்ததால் எனக்குத் தப்பு தெரியவே இல்லை. நானும் சிரித்தேன். அவள் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

சிரித்து முடிந்ததும் அவள் கேட்டாள். "ஆமா, எதுக்கு இவ்ளோ பாடு? ஆப்புலயே எல்லாம் தெரியுதே."

போனைத் துண்டுகள் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன். கேன்டீன், மேசைக்குக் கீழே போன், நீல நிறம், படம் மறைந்தது, மூன்று மணி வரைக்கும் நான் தவித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நீ திரும்பி வர்ற பிளைட்டை நானே பிடிக்க வேண்டும் என்றுதான் செய்கிறேன் என்றேன்.

சொல்லி முடித்துவிட்டு போனை என் பக்கம் திருப்பினேன்.

"அன்னிக்கு சாப்டேன்னு போட்டியே" என்றாள். கோபமோ அழுகையோ வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும்.

"சாப்புடல."

"இத ஏன் சொல்லல?"

"சொல்லத் தெரியல."

"இப்ப சொல்லு. சனிக்கிழமைக்கு நான் இன்னா சொல்லட்டும்?"

ஆன்டெனா துண்டு ஒன்று கையில் இருந்தது. அதை உருட்டிக்கொண்டே, "வந்துடு" என்றேன். சரியாக வரவில்லை. திரும்பவும் சொன்னேன். "நீ வந்துடு. எனக்கு ஒரு வருஷம் முடியாது."

"ம்" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிறகு வேறு குரலில், "அது சரி, நான் வர்ற அன்னிக்கு நீங்க மாடியில உக்காந்து பிளேன் பார்ப்பீங்களா, ஏர்போர்ட்டுக்கு வருவீங்களா? ரெண்டுத்துல ஒண்ணுதான முடியும்?" என்றாள்.

ஐந்து மாதமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை நாச் இல்லாமல் புதிய அட்டை வெட்டினேன். வெட்டும்போது கை நாலு மில்லி தள்ளித்தான் போனது, பிடித்து இழுத்து வைக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து, கோத்து, பைப்பில் விட்டு, தொட்டி மேலே கட்டினேன். லேப்டாப்பைத் திறந்தேன். ஒசூர் பக்கம் மூன்று, கடப்பா பக்கம் இரண்டு, சேலத்துக்கு மேலே ஒன்று. பெங்களூருக்கும் அப்பால், மலைக்கு அந்தப் பக்கம், வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இத்தனை வாரம் காத்திருந்தது கிடைத்துவிட்டது, ஆனால் என்னால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் அதைப் பார்க்க முடியவில்லை. நொடிக்கொரு தரம் போனைப் பார்த்தேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அவள் இன்னும் ஆபீசுக்குள் போயிருக்க மாட்டாள். போயிருப்பாள். பேசிக்கொண்டிருப்பாள்.

ஐந்து மணிக்கு மெசேஜ் வந்தது. "வேணாம்னுட்டேன். அடுத்த மாசம் டிக்கெட்."

சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டேன். ஆனால் 'வர்றேன்' என்று எழுதாமல் 'வேணாம்னுட்டேன்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு மாதமும் அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

அவள் வருகிற அன்று வீட்டுச் சாவியை பாயிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, படிக்கட்டில் நின்றுகொண்டு, என் வாயால் கேட்டேன். "பாய், ஒம்பது மணி சுமாருக்கு மேல போய் லேப்டாப்ப பார்த்து எனக்கு போன் பண்ண முடியுமா?" பிளைட் எண்ணை ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "இதுக்கா மாஸ்டர் இம்மாம் கம்பி?" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விடியலில் வாடகைக் காரில் கிளம்பினேன். சென்னை ஏர்போர்ட்டில் வெளிக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். ஊர்ப்பட்ட கூட்டம். சிலர் கையில் பெயர் எழுதின அட்டை வைத்திருந்தார்கள். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. போன் அடித்தது.

"மாஸ்டர்! வந்துட்டாங்க!" பாய் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாணியம்பாடி தாண்டிட்டாங்க. முப்பதாயிரம் அடி போட்டிருக்குது. இருங்க, கம்மியாவுது, எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம வூட்டு மேல வந்துட்டாங்க மாஸ்டர், நான் வெளிய வந்து நிக்கிறேன், சத்தம்கூட கேக்குது!"

"சரி பாய். சரி பாய்" என்றேன். வேலூர் தாண்டும் வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஆனது அவள் வெளியே வர. கொஞ்சம் கறுத்திருந்தாள், நடையில் ஒரு வேகம் இருந்தது. யாரோ ஒரு அதிகாரி வருவது மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும், "பிளேன் புடிச்சீங்களா?" என்றாள். பாய் பிடித்தார் என்றேன்.

காரில் வெகுநேரம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினபோது, முன்னால் இருந்த டிரைவருக்குக் கேட்காதபடி சொன்னாள். "எனக்கு அங்க இருக்கணும்னு ஆசையாதான் இருந்துச்சு. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

"தெரியும்" என்றேன். "அப்ப அன்னிக்கு நான் கேட்டது தப்பா?"

"தப்புன்னு சொன்னனா? கேட்டீங்க, வந்தேன். அடுத்த வருஷம் மறுபடியும் கேப்பாங்களாம். அப்ப நான் போறேன்னு சொல்லுவேன். நீங்க உங்களுத சொல்லுங்க. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க."

"போவாதன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க. சண்ட போட்டுக்கலாம்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்தாள். "இப்ப டீ குடிக்கணும். வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

வழக்கமாக நான் அவளைப் பார்ப்பேன், அவள் டிரைவரிடம் சொல்வாள். அன்றும் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு டீக்கடை போனது, இன்னொன்றும் போனது. மூன்றாவது வருவதற்குள் நான் முன்னால் சாய்ந்து, "அண்ணே, நிறுத்துங்க" என்றேன். மெதுவாகச் சொல்ல நினைத்தது சத்தமாக வந்துவிட்டது. டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார்.